கார்ட் அங்கிளை நூதனசாலைக்குக் கூட்டிப்போனது

ஒரு மனிதரை நாலு பேருக்கு முன்னால் வெட்கப்படுத்துவதற்காகவே நான் பழைய ரயில் சாமான்கள் வைத்திருக்கும் அந்த நூதனசாலைக்குப் போனேன். அவரையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். அவருடைய நுழைவுச் சீட்டைக்கூட நானே எடுத்தேன். இதை எழுதும்போது கொஞ்சமாவது கூச்சம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

போரின் கடைசி வருடங்கள் அவை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவருடைய மாடி வீடு இருந்தது. நான் மேலே ஓர் அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை பார்த்தேன். பக்கத்து அறையில் கணக்கியல் படிக்கும் இரண்டு மாணவிகள். கீழே, கனடா விசாவுக்குக் காத்திருந்த ஒரு கணவனும் மனைவியும். வீட்டுக்காரருக்கு எழுபது தாண்டியிருந்தது. ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்றவர். ஒழுங்கை முழுக்க அவரைக் கார்ட் அங்கிள் என்றே கூப்பிட்டது. அவருடைய மனைவி எங்களுக்கு அன்ரி.

ரயிலின் கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் வைத்துக்கொண்டு நிற்பாரே, அந்தக் கார்ட். யாழ்ப்பாணம் போகும் இரவு மெயிலில் பல வருடம் கார்ட்டாக இருந்ததாகச் சொல்வார். பின்னேரத் தேத்தண்ணிக்கு எல்லோரும் கீழே கூடும்போது அவர் சொல்லும் கதை ஒன்று இருந்தது. வவுனியாவுக்கு அங்கால், காட்டுக்குள், அடைமழையில், எஞ்சின் பழுதாகி மெயில் நின்றுவிட்டது. பின்னால் இன்னொரு ரயில் வந்துகொண்டிருக்கிறது. இவர் சிவப்பு விளக்கோடு தண்டவாளம் வழியே பின்னுக்கு ஓடி, மூன்று வெடிகளை அதன்மேல் பொருத்தினாராம். சில்லு ஏறினதும் அவை வெடித்துச் சத்தம் போட, பின்னால் வந்த ரயில் மட்டுமட்டாக நின்றதாம்.

"நான் அண்டைக்கு ஓடாமல் விட்டிருந்தா," என்று நிறுத்தி எங்கள் முகங்களைப் பார்ப்பார். "எத்தினை சனம்? யோசிச்சுப் பாருங்கோ."

நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் அவரை எனக்குப் பிடித்தும் இருந்தது.

என் தம்பிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்புக்கு வந்து சேர்ந்தான். வெளிநாட்டு அலுவல் சரிவரும்வரை என்னோடு நிற்கவேண்டும். கீழே ஹோலில் பாய் போட்டுப் படுக்க அங்கிள் சம்மதித்தார். அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று வீட்டுக்காரர் ஒரு படிவத்தில் எழுதிப் பொலிஸில் கொடுக்கவேண்டும். பெயர் அதில் இருந்தால் ஓரளவு பயமில்லாமல் தெருவில் நடக்கலாம். தம்பியின் பெயரைக் கொடுத்தாயிற்றா என்று அங்கிளிடம் மூன்று தரம் கேட்டேன்.

"குடுத்திட்டன் பிள்ளை. நீர் ஏன் உதை யோசிக்கிறீர்?"

அவர் கொடுக்கவில்லை. ஒரு வாலிபனின் பெயரை எழுதிக்கொண்டு பொலிஸ் வாசலுக்குப் போக அவருக்குப் பயம். பயம் என்று சொல்லியிருந்தால் நான் வேறு இடம் பார்த்திருப்பேன்.

மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் பாணுக்குச் சம்பல் இடித்துக்கொண்டிருந்த நேரம் பொலிஸும் ஆமியும் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தன. மாணவிகள் மேலே இருந்தார்கள். கனடாக்காரர்கள் கோயிலுக்குப் போயிருந்தார்கள். ஓர் அதிகாரி ஹோலுக்குள் வந்து கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், பிறகு சாய்மனைக் கதிரையில் பேப்பரோடு இருந்த அங்கிளைப் பார்த்து, யார் இது என்று சிங்களத்தில் கேட்டார்.

"மம தன்னே நே," என்றார் அங்கிள். எனக்குத் தெரியாது.

நான் இடையில் விழுந்து, என் தம்பி, என் கூடப்பிறந்த தம்பி என்று கத்தினேன். அதிகாரி கோபப்படவில்லை. வீட்டுக்காரருக்கே தெரியாத ஆள் எப்படி இந்த வீட்டுக்குள் வந்தான் என்று மட்டும் கேட்டார். தம்பி அங்கிளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அதற்கு முதல்நாள்தான் கூரையில் ஏறி அவருடைய தண்ணீர்த் தாங்கியைக் கழுவிக் கொடுத்திருந்தான்.

நாற்பத்தொரு நாள் வைத்திருந்தார்கள். சட்டத்தரணி வீடும் பொலிஸ் வாசலுமாக அலைந்து நான் பாதியாகிப்போனேன். இதற்கிடையில் அங்கிள் மற்றவர்களுக்கு ஒரு புதுக் கதை சொல்லத் தொடங்கியிருந்தார். "நான் எவ்வளவு கெஞ்சினன் தெரியுமோ? கையைப் பிடிச்சுக் கெஞ்சினன்." மாணவிகள் அதை நம்பினார்கள். ஒருத்தி என்னிடமே வந்து, "அங்கிள் பாவம் அக்கா, நல்லாக் கவலைப்படுறார்," என்றாள்.

தம்பி திரும்பி வந்தபிறகு நின்றபடியே சாப்பிட்டான். கதிரையை இழுத்துக் கொடுத்தால் நன்றி சொல்லிவிட்டு நின்றான். வந்த அன்றே அங்கிள் அவன் தோளைத் தட்டி, "தம்பி வந்திட்டீரோ, கடவுள் காப்பாத்திப்போட்டார்," என்றார். அன்ரி தேத்தண்ணி கொண்டுவந்தா. தம்பி வாங்கிக் குடித்தான். அந்தக் கோப்பையைப் பறித்து அவர் முகத்தில் ஊற்ற என் கை உன்னியது. அடுத்தநாள் அவர் தனியாக இருந்த நேரம் கேட்டேன்.

"ஏன் அங்கிள் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"எப்பிடி?"

"தெரியாது எண்டு."

"எனக்கு ஞாபகமில்லைப் பிள்ளை. அண்டைக்கு ஒரே குழப்பம்." பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

என்னை மன்னித்துக்கொள் என்று அவர் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. ஞாபகமில்லை என்றதைக் கேட்டபின் அவரை விடுவதில்லை என்று முடிவுசெய்தேன்.

இரண்டு மாதத்தில் தம்பி வெளிநாடு போய்விட்டான். நான் அந்த வீட்டிலேயே இருந்தேன். புது அறை, புதுப் பதிவு, அதெல்லாம் பெரிய பாடு என்று அலுவலகத்தில் சொன்னேன். உண்மையில், அவரைக் காணாத இடத்துக்குப் போனால் என் கோபம் ஆறிவிடுமோ என்று பயந்தேன். தினமும் அவருக்குக் காலை வணக்கம் சொன்னேன். கதையை இன்னும் கவனமாகக் கேட்டேன்.

வழி தானாக வந்தது. என்னோடு வேலைசெய்த பெண் ஒருத்தி ஹெவ்லொக் டவுனில் இருந்தாள். அவள் வீட்டில் ஒருநாள் மதியம் சாப்பிடும்போது நான் எந்த வீட்டில் இருக்கிறேன் என்று அவளுடைய தகப்பன் கேட்டார். அவரும் ரயில்வேயில் ஸ்ரேசன் மாஸ்டராக இருந்தவர். சொன்னேன். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நிற்க, விழுந்து விழுந்து சிரித்தார்.

"அவரோ கார்ட்? அவர் பார்சல் ஒஃபிஸில கிளாக்கர் பிள்ளை! முப்பது வருசம் கோட்டை ஸ்ரேசனில இருந்த கதிரையை விட்டு எழும்பேல்ல. ரயில் எண்டாலே ஆளுக்கு வயித்தைப் பிரட்டிச் சத்தி வந்திடும். லீவில ஊருக்குப் போறதெண்டாலும் பஸ்ஸிலதான் போவார்."

அன்று வீடு திரும்பும்போது, பல மாதங்களுக்குப் பிறகு, எனக்குப் பசித்தது.

ரயில்வேக்காரர்கள் மருதானைப் பக்கம் ஒரு பழைய ஸ்ரேசன் கட்டடத்தில் பழைய சாமான்களைச் சேர்த்து நூதனசாலை ஒன்று வைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற கார்ட் ஒருவர்தான் அங்கே சுற்றிக்காட்டுவார் என்று விசாரித்து அறிந்தேன். பிறகு மெல்ல மெல்ல வேலையைத் தொடங்கினேன். "அங்கிள், நீங்கள் வந்து விளங்கப்படுத்தினா எங்களுக்கு எவ்வளவு நல்லம்," என்று தேத்தண்ணி நேரத்தில் சொன்னேன். முழங்கால் நோகுது என்றார். அடுத்த கிழமை இரத்தத்தில் சீனி கூடிவிட்டது என்றார். நான் மாணவிகளை ஏவிவிட்டேன். கனடாக்காரர்களையும் இழுத்தேன். கடைசியில் அன்ரியே, "பிள்ளையள் ஆசைப்படுதுகள், ஒருக்காப் போட்டுத்தான் வருவமே," என்றா. அவவுடைய குரலில் ஒரு தயக்கம் இருந்தது. அதை நான் சட்டை செய்யவில்லை.

ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். வான் பிடிப்போம் என்றார் அங்கிள்.

"ரயில் பாக்க வானிலயோ போறது?" என்று நான் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளவத்தை ஸ்ரேசனில் ஏறினோம்.

ஜன்னலோரம் அவருக்குத்தான் இடம் கொடுத்தோம். ஒரு பக்கம் கடல். பம்பலப்பிட்டியில் அவர் பேச்சை நிறுத்தினார். கொள்ளுப்பிட்டியில் அன்ரி கைப்பையிலிருந்து முகர்வதற்கு ஒரு தேசிக்காயை எடுத்து அவர் கையில் வைத்தா. கோட்டைக்கு வரும்போது அவருடைய நெற்றி முழுக்க வியர்வை.

"கடல்காத்து ஒத்துக்கொள்ளேல்ல," என்றார்.

"அங்கிளுக்கு மெயிலிலதான் பழக்கம், அங்க கடல் இல்லைத்தானே," என்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

மருதானையில் இறங்கியதும் அடையாள அட்டைகளைக் காட்டி, பைகளைத் திறந்து காட்டி, நடந்து போனோம். செங்கல் கட்டடம். உள்ளே வெயில் வராத குளிர்ச்சியும் பழைய எண்ணெய் மணமும். ஒரு சின்ன எஞ்சினுக்குப் புதிதாகக் கறுப்புப் பெயின்ற் அடித்து நிறுத்தியிருந்தார்கள். சுவர் ஓரமாகக் கைவிளக்குகள், திகதி குத்தும் இயந்திரங்கள், ஸ்ரேசன் மணிகள், அதிகாரிகள் சாப்பிட்ட பீங்கான்கள். ஒரு சுவரில் பழைய வரைபடம். அதில் பாதை காங்கேசன்துறை வரைக்கும் போயிருந்தது. வடக்குக்கு ரயில் போகாமல் விட்டுப் பல வருடம் ஆகியிருந்ததால் மாணவிகள் இருவரும் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். அவர்கள் தங்கள் ஊரில் ரயிலைக் கண்டதில்லை.

அங்கிளுக்கு மெல்ல உயிர் வந்தது. தாளில் எழுதி ஒட்டியிருந்த விவரங்களை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்ததுபோலச் சொல்லிக்கொண்டு போனார். நான் அவசரப்படவில்லை.

சுற்றிக்காட்டும் கிழவர் மெலிந்த மனிதர். நாங்கள் தமிழில் கதைப்பதைக் கேட்டு முகம் மலர்ந்து, "நானும் நிறைய நாள் காங்கேசன்துறை போனது. தமிழ் கொஞ்சம் வரும்," என்றார். நான் அங்கிளைக் காட்டி, இவரும் இரவு மெயிலில் கார்ட்டாக இருந்தவர் என்றேன். கிழவர் ஆர்வமாக அங்கிளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எந்த வருடங்கள், எந்தப் பிரிவு என்று கேட்டார். அங்கிள் இருமினார்.

கண்ணாடி அலுமாரிக்குள் தகர டப்பா ஒன்றும், அதன் பக்கத்தில் ஷூ பொலிஷ் டின்னைவிடச் சிறிய ஒரு வட்டத் தகரமும் இருந்தன. நான் அதைக் காட்டி இது என்ன என்று கேட்டேன். எனக்குத் தெரியும். ஸ்ரேசன் மாஸ்டரிடம் கேட்டுப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"டெட்டனேட்டர்," என்றார் கிழவர் உரத்து.

அந்தக் காலத்தில் அந்தச் சொல்லைத் தமிழர் கூட்டம் ஒன்றின் நடுவில் நின்று யாரும் உரத்துச் சொல்வதில்லை. அங்காலே நின்ற குடும்பம் ஒன்று திரும்பிப் பார்த்தது. கனடாக்காரர் தன் மனைவியை ஓரடி பின்னுக்கு இழுத்தார். கிழவர் சிரித்துக்கொண்டே, ரயிலை நிறுத்தத் தண்டவாளத்தில் வைக்கும் வெடி, உள்ளே ஒன்றுமில்லை, வெறும் தகரம் என்று விளங்கப்படுத்தி, அதை வெளியே எடுத்தார்.

"அங்கிள், நீங்கள் அண்டைக்கு மழைக்குள்ள வைச்சது இதுதானே? வைச்சுக் காட்டுங்கோவன்," என்றேன்.

"ஓம் அங்கிள், காட்டுங்கோ," என்றாள் மாணவிகளில் இளையவள், உண்மையான ஆசையோடு.

நிலத்தில் காட்சிக்கென்று ஒரு துண்டுத் தண்டவாளம் கிடந்தது. அங்கிள் தகரத்தைக் கையில் வாங்கினார். அதன் அடியில் இரண்டு ஈயப் பட்டிகள் இருந்தன. அவற்றைத் தண்டவாளத் தலையின் இரு பக்கமும் மடக்கிப் பிடிக்கவேண்டும். அவர் தகரத்தை ஒருதரம் திருப்பினார், இன்னொருதரம் திருப்பினார். கடைசியில் குனிந்து, பட்டிகள் வானத்தைப் பார்க்க, தலைகீழாக வைத்தார்.

கிழவர் தகரத்தைப் பார்த்தார், பிறகு அங்கிளின் கழுத்துப் பின்புறத்தை நெடுநேரம் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. நான் என் வெற்றிக்காகக் காத்திருந்தேன்.

கிழவர் குனிந்து தகரத்தைச் சரியாகத் திருப்பி மடக்கினார். "அந்தக் காலம் வேற மாதிரிச் சாமான்," என்றார். பிறகு அங்கிளின் தோளில் கைபோட்டு, "இந்த மாத்தையாவை எனக்குத் தெரியும். இப்பத்தான் ஞாபகம் வந்தது. நல்ல கார்ட்," என்றார்.

அங்கிளின் முகத்தில் இரத்தம் திரும்பி வந்தது. "ஓம் ஓம், நாங்கள் ஒண்டா வேலைசெய்தனாங்கள்," என்றார்.

நான் திட்டமிட்டிருந்ததெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் சொன்னதை நான் யோசித்துச் சொல்லவில்லை.

"உங்களை ஒருநாளும் கண்டிராத மனுசன் உங்களைத் தெரியும் எண்டு சொல்லுறார்," என்றேன். "மூண்டு மாசம் உங்கட வீட்டில படுத்து, உங்கட தண்ணித் தாங்கியைக் கழுவின பெடியனை நீங்கள் தெரியாது எண்டனீங்கள். நாப்பத்தொரு நாள், அங்கிள்."

"பிள்ளை, இஞ்ச வேண்டாம்..."

"இஞ்சதான் வேணும். நீங்கள் கெஞ்சேல்ல. கதிரையை விட்டு எழும்பக்கூட இல்லை. நீங்கள் கார்ட்டும் இல்லை, பார்சல் ஒஃபிஸ் கிளாக்கர். காட்டுக்குள்ள ஆரையும் காப்பாத்தேல்ல. என்ர தம்பியைக் காப்பாத்த ஒரு சொல்லே போதும், ஓம் எண்டு ஒரு சொல்லு."

என் குரல் அந்தக் கட்டடத்தில் எதிரொலித்தது. மாணவிகள் அங்கிளைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். ஞாபகமில்லை என்று இந்தமுறை வரவில்லை. பக்கத்தில் இருந்த மரப்பெட்டி ஒன்றில் மெதுவாக உட்கார்ந்தார்.

அன்ரிதான் பேசினா. "அண்டைக்கு நான் குசினி வாசலில நிண்டனான். நானும் கேட்டனான் பிள்ளை. நானும் ஒண்டும் சொல்லேல்ல."

அது எனக்குத் தெரியாது. அவவுடைய கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன்.

"அப்ப உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன்," என்றேன்.

அவ அழவில்லை. தலையை ஆட்டிவிட்டு, அங்கிளின் பக்கத்தில் போய் இருந்தா.

நான் வெளியே வந்து வாசலில் நின்றேன். கிழவர் பின்னால் வந்தார். எங்கள் தமிழ் முழுக்க அவருக்கு விளங்கியிருந்ததோ தெரியவில்லை, அதனால் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டார்.

"வயசான மனுஷன், பிள்ளைகளுக்கு முன்னால் விழக்கூடாது என்று நினைத்தேன், தங்கச்சி," என்றார். "இதை முதலே சொல்லியிருந்தால் நான் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டேன்."

அந்தப் பதிலுக்காக இன்றுவரை அவரை எனக்குப் பிடிக்கும்.

அங்கிளும் அன்ரியும் ஓட்டோவில் போனார்கள். நாங்கள் ரயிலில் திரும்பினோம். கனடாக்காரர், இத்தனை பேருக்கு முன்னால் தேவையில்லாத வேலை என்று முணுமுணுத்தார். மூத்த மாணவி மட்டும், "அக்கா, உண்மையோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். ஒரு மாதத்துக்குள் மாணவிகள் இருவரும் பம்பலப்பிட்டிக்கு அறை மாறிப் போனார்கள். போகும்போது ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டும் போனார்கள். சந்திக் கடைக்காரர் அதற்குப் பிறகும் கார்ட் அங்கிள் என்றுதான் கூப்பிட்டார், ஆனால் ஒரு சின்னச் சிரிப்போடு. அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்காகவே நான் தேவையில்லாமல் தீப்பெட்டி வாங்கப் போயிருக்கிறேன். பின்னேரங்களில் கீழே கதை நின்றுபோனது. அங்கிள் தேத்தண்ணியைத் தன் அறைக்குள் வைத்துக் குடித்தார். ஒருநாள் படியடியில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல், மாத முடிவோடு அறை தனக்குத் தேவை என்றார். நான் ஏற்கெனவே பெட்டி அடுக்கியிருந்தேன்.

கொட்டாஞ்சேனையில், தேவாலயத்துக்குப் பக்கத்தில், ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் வீட்டில் அறை கிடைத்தது. அங்கிருந்து தம்பிக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். தகரத்தைத் தலைகீழாக வைத்ததைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

"ஏனக்கா செய்தனீங்கள்?" என்றான்.

"உனக்காகத்தான்."

"நான் கேக்கேல்லையே. அந்த மனுசன் பயந்துபோய்ச் சொன்னது. நானெண்டாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன்."

"நீ சொல்லியிருக்க மாட்டாய்."

"உள்ளுக்கு வைச்சு என்னட்டை ஆரார்ர படமெல்லாம் காட்டித் தெரியுமோ எண்டு கேட்டவங்கள், நான் என்னென்ன சொன்னனான் எண்டு உங்களுக்குத் தெரியாது," என்றான்.

காசு முடியுது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு என் கோபம் குறைந்திருக்கவேண்டும். மாறாக, தம்பியை அந்த இடத்துக்கு அனுப்பி அப்படியொரு வார்த்தையை அவன் வாயில் வரவைத்ததும் அங்கிள்தான் என்று அதையும் அவர்மேல் ஏற்றினேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம் கேற்றைத் தட்டும் சத்தம். போய்ப் பார்த்தால் அங்கிள். போகும்போது நான் அன்ரியிடம் எழுதிக் கொடுத்த முகவரியைத் தேடி, வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பழைய முகவரிக்கு வந்த தம்பியின் கடிதம் ஒன்றை நீட்டினார்.

"தபாலில போட்டாத் துலைஞ்சு போயிடும் எண்டு..." என்றார்.

வாங்கிக்கொண்டேன்.

"தம்பி சுகமோ?"

"சுகம்."

அவர் இன்னும் ஏதோ சொல்வதற்காகக் கேற்றைப் பிடித்தபடி நின்றார். நான் காத்திருக்கவில்லை. கேற்றைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டேன். அவர் தார் ரோட்டில், நிழல் இல்லாத பக்கமாகவே பஸ் நிறுத்தத்துக்கு நடந்துபோவதை வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே வீட்டுக்கார அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தா. "யாரும்மா அது, இந்த வெயில்ல? தண்ணி ஏதும் குடுத்தீங்களா?" என்று கேட்டா.

"குடுக்கேல்ல," என்று சொல்லிவிட்டுக் கடிதத்தைப் பிரித்தேன்.